அந்தமான் பன்றியம்பும் கலைச்சொல்லாக்கமும்

பெரிய அந்தமானியர் காட்டுப்பன்றி வேட்டைக்குச் செய்த அம்பில் இறகு கட்டப்படுவதில்லை. முள்ளுடைய இரும்புத்தலை, மரத்தண்டின் நுனியில் தளர்வாகச் செருகப்பட்டு, நார்க்கயிற்றால் தண்டோடு பிணைக்கப்பட்டிருக்கும். தைத்தவுடன் தலை கழன்று விலங்கின் உடலில் தங்கும். கயிற்றில் இழுபடும் தண்டு புதரில் சிக்கி, ஓடும் பன்றியைத் தடுக்கும்.

இதனை ‘அம்பு’ என்று மட்டும் பெயர்த்தால் இவ்வியக்கம் மறைந்துவிடும். சங்கப் பாடல்கள் சுட்டும் ‘எறியுளி’யும் கயிறு பூண்டதே, ஆயின் அது கையால் எறியப்பட்ட மீன்வேட்டைக் கருவி. பன்றியம்போ வில்லால் எய்யப்பட்டது. ஆகவே ‘கழல்தலை அம்பு’ எனல் பொருந்தும்.

அம்மொழிகளைப் பேசுவோர் மிக அருகிவிட்டனர். செய்முறையைக் குறிக்காமல் சொல்லை மட்டும் தொகுக்கும் அகராதி, பின்வருவோர்க்குப் பொருளற்ற ஒலியையே விட்டுச்செல்லும்.