மொழிபெயர்ப்பவருக்கு யார் துணை?

ஓசூரில் ஒரு திருச்சபை மாநாடு நடந்தால் அந்தப் பந்தலில் தமிழ் மட்டும் தெரிந்தவர்கள் உட்கார்ந்திருப்பதில்லை. தளி, பாகலூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்து வீடுகள் பலவற்றில் தெலுங்கோ கன்னடமோதான் தாய்மொழி. ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, அங்கிருந்து கர்நாடகம். 1971-ல் தொடங்கப்பட்ட சிப்காட் இங்கே தொழிற்பேட்டை அமைத்த பிறகு அசோக் லேலண்டு, டிவிஎஸ், டைட்டன் என்று ஆலைகள் வந்தன. ஆலைகளின் பின்னால் தமிழ்நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். இப்போது ஒடிசா, பீகார், ஜார்கண்ட், அசாம் வரை அந்த எல்லை விரிந்துவிட்டது. ராஞ்சி, ஹசாரிபாக் பகுதிப் பழங்குடிப் பெண்கள் ஓசூர் அருகே கைப்பேசி உற்பத்திக்காகப் பயிற்சி பெற்றுவருவதாக 2022-ல் ஒன்றிய அமைச்சரே சொன்னார்.

ஜார்கண்டிலிருந்து வருகிறவர்களில் கிறிஸ்தவர்களும் உண்டு. கோஸ்னர் மிஷனரிகள் ராஞ்சிக்கு வந்தது 1845-ல். அங்கே நான்கைந்து தலைமுறையாகத் திருச்சபையோடு வளர்ந்த ஒரு பெண், ஓசூர் விடுதியில் தங்கி ஷிப்டு முடித்து ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வருகிறாள். பாட்டின் மெட்டு பிடிபடுகிறது, பிரசங்கம் பிடிபடுவதில்லை. இரண்டு மூன்று வாரம் வருவாள், பிறகு வருவதில்லை. நம் சபைகள் இதைக் கவனிப்பது குறைவு என்பது என் எண்ணம்.

வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை நடக்கும் திருவிழாவில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம், இந்தி, கொங்கணி என்று மொழிக்கொரு திருப்பலி, மொழிக்கொரு நேரம். நாள்கணக்கில் நடக்கும் விழாவுக்கு அது பொருந்தும். ஒரே நாளில் எல்லோரும் ஒரே பந்தலில் கூடி, ஒரே பேச்சாளரைக் கேட்கும் மாநாட்டுக்குப் பொருந்தாது. அங்கே மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அவர் நன்றாகச் செய்ய வேண்டுமானால் அவருக்குப் பின்னால் நாலு பேர் வேண்டும். இந்தக் கட்டுரை அந்த நாலு பேருக்காக.

மொழிபெயர்ப்பு எத்தனை வகை என்று முதலில் தெரிந்துகொள்வோம். நம் கன்வென்ஷன்களில் பழகிய வகை, பேச்சாளர் ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்த, பக்கத்தில் நிற்பவர் அதைத் தமிழில் சொல்வது. 1895-ல் தொடங்கி இன்றும் பம்பை ஆற்று மணலில் நடக்கும் மாராமன் கன்வென்ஷனில் மிஷனரி ஸ்டான்லி ஜோன்ஸ் போன்றோரின் ஆங்கிலப் பேச்சு இப்படித்தான் மலையாளத்தில் போய்ச் சேர்ந்தது. இரண்டாவது, இரண்டு மூன்று பேருக்கு நடுவே உட்கார்ந்து காதோடு காதாகச் சொல்வது. மூன்றாவது, தனி அறையிலிருந்து பேச்சோடு பேச்சாகச் சொல்ல, கேட்பவர்கள் ஹெட்செட்டில் கேட்பது. ஓசூர் போன்ற இடத்தில் மூன்றும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டிவரும்: மேடையில் ஆங்கிலமும் தமிழும், ஹெட்செட்டில் கன்னடமும் தெலுங்கும், கடைசி வரிசையில் ஏழெட்டுப் பேருக்கு இந்தி.

மேடையில் வாக்கியத்துக்கு வாக்கியம் தமிழாக்கம் நடந்தால் நேரம் இரட்டிப்பாகும். முப்பது நிமிடச் செய்தி ஒரு மணி நேரம் எடுக்கும். பேச்சாளருக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தால், அரைமணிக்கான சரக்கே போதும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். இதைச் சொல்லும் பொறுப்பைத் தொண்டர்களில் ஒருவர் ஏற்க வேண்டும். யாரும் சொல்லாவிட்டால் கடைசிப் பதினைந்து நிமிடம் பேச்சாளர் ஓடுவார், மொழிபெயர்ப்பவர் பின்னாலேயே ஓடுவார், கேட்பவருக்கு ஒன்றும் மிஞ்சாது. இதே ஏற்பாட்டில் ஒரு வசதியும் இருக்கிறது. ஆங்கிலமும் தெரிந்த தெலுங்கு மொழிபெயர்ப்பாளர், ஆங்கில வாக்கியத்தைக் கேட்டுக்கொண்டு, மேடையில் தமிழ் ஒலிக்கும் நேரத்தில் தன் தெலுங்கைச் சொல்லி முடிக்கலாம். தமிழைக் கேட்டுத் தெலுங்கில் சொன்னால் ஒருவர் விட்டதை அடுத்தவரும் விடுவார், பிழை இரண்டு கை மாறிப் பெருகும். ஆகவே மூலத்தையே நேராகக் கேட்கும்படி அவருக்கு இடமும் ஒலியும் அமைத்துத் தர வேண்டும்.

இலக்கணமும் இங்கே வேலை செய்கிறது. தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி எல்லாவற்றிலும் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. அதனால் தமிழிலிருந்து கன்னடத்துக்கு உடனுக்குடன் சொல்லிக்கொண்டே போகலாம். ஆங்கிலத்தில் வினை முன்னாலேயே வந்துவிடும். தமிழ் பேச்சாளரை ஆங்கிலத்தில் தருகிறவர் வினை வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். நம் பிரசங்கியார்களின் நீண்ட தொடர்களில் அந்த வினை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அந்தக் காத்திருப்பில்தான் எண்ணும் பெயரும் நழுவுகின்றன.

நழுவுவதைப் பிடிப்பதுதான் பக்கத்தில் உட்காரும் தொண்டரின் வேலை. அவருக்கு நல்ல கையெழுத்து, இரு மொழி, பொறுமை போதும். பேச்சில் எண் வந்தால் உடனே பெரிதாக எழுதி நீட்டுவார். ஊர்ப்பெயர், ஆள்பெயர், வருடம், வேத வசனக் குறிப்பு எல்லாம் அப்படியே. வெளிநாட்டுப் பேச்சாளர் மூன்று மில்லியன் என்றால் தமிழில் முப்பது லட்சம், ஒரு பில்லியன் என்றால் நூறு கோடி. வேகத்தில் இந்தக் கணக்குத் தடுமாறாத மொழிபெயர்ப்பாளர் அரிது. ஒரு அட்டையில் இந்த மாற்றங்களை எழுதி மேசையில் ஒட்டிவையுங்கள்.

இந்தத் துணைக்கு ஒரு வரலாறு உண்டு. உடனடி மொழிபெயர்ப்பைப் பெரிய அளவில் உலகுக்குக் காட்டியது 1945 நவம்பர் 20-ல் நியூரம்பர்கில் தொடங்கிய போர்க்குற்ற விசாரணை. ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யன், ஜெர்மன் என நான்கு மொழிகளில் அது நடந்தது. மொழிபெயர்ப்பாளர்களோடு ஒரு கண்காணிப்பாளர் இருந்து இரண்டு விளக்குகளை இயக்குவார். மஞ்சள் விளக்கு எரிந்தால் மெதுவாகப் பேசு, சிவப்பு எரிந்தால் நிறுத்து. நீதிபதியாயினும் கைதியாயினும் அந்த விளக்குக்குக் கட்டுப்பட்டார்கள். நம் மாநாட்டில் விளக்கு வேண்டாம், முன்வரிசையில் ஒரு தொண்டர் மஞ்சள் அட்டையோடு இருந்தால் போதும். ஆனால் அதைப் பேச்சாளரிடம் முன்பே சொல்லி, அவர் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். "பாஸ்டர் ஐயா, இந்த அட்டையைப் பார்த்தா கொஞ்சம் நிதானமாப் பேசுங்க" என்று ஜெபத்துக்கு முன்னால் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நடுப்பேச்சில் திடீரென்று அட்டையைக் காட்டினால் அவர் தடுமாறிவிடுவார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய உதவி, மாநாட்டுக்கு ஒரு வாரம் முன்பே நடந்துவிடுகிறது: பேச்சாளர்களிடமிருந்து குறிப்புகளை வாங்குவது. முழுப் பிரசங்கம் வேண்டாம். தலைப்பு, வசனங்கள், சொல்லப்போகும் கதை, பெயர்கள் இருந்தால் போதும். "ஆவியானவர் நடத்துகிறபடி பேசுவேன்" என்று சொல்கிறவரிடம்கூட, எந்த அதிகாரத்திலிருந்து பேசப்போகிறார் என்று கேட்டுவிடலாம். வாங்கிய வசனங்களை ஒவ்வொரு மொழியிலும் எடுத்து, பெரிய எழுத்தில் ஒரே தாளில் அச்சடித்துக் கொடுங்கள். வேத வசனத்தை மொழிபெயர்ப்பாளர் தாமாக மொழிபெயர்க்கக் கூடாது. கேட்பவர் மனப்பாடமாகச் சொல்லும் வடிவத்தில் அது வர வேண்டும், இல்லையென்றால் தன் வேதமல்ல என்று அவருக்குத் தோன்றும்.

இங்கே கொஞ்சம் கவனம் தேவை. சீர்திருத்த சபையினர் கையில் இருக்கும் பழைய தமிழ் வேதாகமத்தில் "சங்கீதம்", 1995-ல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் அதே நூல் "திருப்பாடல்கள்". தெலுங்கில் கீர்த்தனலு, கன்னடத்தில் கீர்த்தனெகளு, இந்தியில் பஜன் சம்ஹிதா. அப்போஸ்தலருடைய நடபடிகள் கத்தோலிக்கருக்குத் திருத்தூதர் பணிகள். ஓசூரில் பல சபையினரும் சேர்ந்து நடத்தும் கூட்டம் என்றால் இருவகைப் பெயர்களும் தாளில் இருக்கட்டும். நூற்பெயர்ப் பட்டியலை ஒருமுறை தயாரித்துவிட்டால் வருடக்கணக்கில் உதவும். பாடல்களுக்கும் இதுவே வழி. பாட்டை யாரும் உடனடியாக மொழிபெயர்க்க முடியாது, முயலவும் வேண்டாம். வரிகளின் பொருளை ஒரு பத்தியாக எழுதிக் கையில் கொடுத்தால் போதும்.

அடுத்தது ஒலி. மொழிபெயர்ப்பாளருக்குக் காது கேட்காவிட்டால் அவர் வாய் பயன்படாது. பந்தலின் பெரிய ஸ்பீக்கர் பக்கத்தில் அவரை உட்காரவைத்துவிட்டு, "சத்தமா கேக்குதே" என்று நினைப்பது பெருந்தவறு. பந்தலின் எதிரொலியும் கீபோர்டும் சேர்ந்த சத்தம் அது. சவுண்ட் சர்வீஸ்காரரிடம் முந்தின நாளே பேசி, மிக்சரிலிருந்து பேச்சாளர் மைக் மட்டும் தனியாக ஒரு வயரில் ஹெட்போனுக்கு வரும்படி செய்யச் சொல்லுங்கள். தனிக்கூண்டு வாடகைக்கு எடுத்தால், இருவர் உட்காரும் கூண்டுக்குச் சர்வதேசத் தரம் சொல்லும் குறைந்தபட்ச அளவு 1.6 மீட்டர் அகலம், 1.6 மீட்டர் ஆழம், 2 மீட்டர் உயரம். அவ்வளவு வசதி இல்லாத சபைகள், மேடை தெரியும் ஒரு பக்க அறையை எடுத்துக்கொள்ளலாம். மேடை தெரியாவிட்டால் ஒரு டிவியில் பேச்சாளரின் முகம் தெரிய வேண்டும். முகமும் கையும் பாதிச் சேதியைச் சொல்லிவிடும். மின்சாரம் போனால் ஜெனரேட்டர் எடுக்கும் அந்த அரை நிமிடத்தில் கருவி அணையாமல் இருக்கச் சிறிய யுபிஎஸ் ஒன்று வேண்டும்.

ரிசீவர்களைக் கொடுக்கும் மேசையில் டோக்கன் முறை வையுங்கள். அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டாம் என்பேன். வெளிமாநிலத் தொழிலாளிக்கு ஆதாரைக் கையைவிட்டுக் கொடுப்பதில் அச்சம் உண்டு, அது நியாயமானதும்கூட. பெயரும் எண்ணும் எழுதிக்கொண்டால் போதும். காதில் வைக்கும் பஞ்சு உறைகளைக் கூட்டத்துக்குக் கூட்டம் மாற்றுங்கள். எந்தச் சேனலில் எந்த மொழி என்பதை அந்தந்த மொழியின் எழுத்திலேயே எழுதி ஒட்டுங்கள். "சேனல் 3 கன்னடம்" என்று தமிழில் எழுதி வைத்தால் அதைப் படிக்க வேண்டியவரால் படிக்க முடியாது.

ஒருவர் தொடர்ந்து எவ்வளவு நேரம் மொழிபெயர்க்கலாம்? இருவர் சேர்ந்து, இருபது முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்வதே தொழில்முறை மொழிபெயர்ப்பாளர்களின் வழக்கம். நம் சபைகளில் ஒரே அக்கா காலையிலிருந்து சாயங்காலம் வரை நிற்பதைப் பெருமையாகச் சொல்கிறோம். அது பெருமையல்ல. மதியத்துக்குப் பிறகு அவர் வாக்கியங்கள் சுருங்கும், பிறகு பொருளும் சுருங்கும். கேட்பவர்கள் அதைக் கண்டுபிடிக்கக்கூட முடியாது, ஏனெனில் மூலம் அவர்களுக்குத் தெரியாது. மாற்று ஆள் இல்லையென்றால் நிகழ்ச்சியையே சுருக்க வேண்டும். குடிக்க வெதுவெதுப்பான தண்ணீர் வையுங்கள், ஐஸ் வேண்டாம். சாப்பாட்டைப் பந்திக்கு முன்பே கொடுத்துவிடுங்கள், பந்தியிலும் யாராவது "இவர் என்ன சொல்றார்?" என்று அவரையே கூப்பிடுவார்கள். உபவாசக் கூட்டம் என்றால், மொழிபெயர்ப்பவர் தண்ணீரும் கஞ்சியும் குடிப்பதில் குறையில்லை என்று ஆயரே முன்கூட்டிச் சொல்லிவிடுவது நல்லது.

காது கேளாதோருக்கான சைகைமொழிபெயர்ப்புக்குத் தேவைகள் வேறு. மொழிபெயர்ப்பவர் மேடையோரத்தில், பேச்சாளரையும் அவரையும் ஒரே பார்வையில் காணும்படி நிற்க வேண்டும். பின்னால் பூவேலைப்பாடுள்ள திரை இருக்கக் கூடாது, உடை ஒரே நிறத்தில் இருக்க வேண்டும். அந்தப் பக்கத்து முன்வரிசையை அவர்களுக்கென்று பிடித்துவைக்க ஒரு தொண்டர் கடைசிவரை அங்கேயே நிற்க வேண்டும், இல்லையென்றால் அது நிரம்பிவிடும். ஜெப நேரத்தில் விளக்கைக் குறைப்பது நம் வழக்கம், அப்போதும் சைகை செய்பவர்மேல் வெளிச்சம் இருக்கட்டும். எல்லோரும் கண்ணை மூடும்போது இவர்கள் கண் திறந்திருந்தால்தான் ஜெபம் கேட்கும்.

கைப்பேசிச் செயலியே எல்லாம் செய்துவிடாதா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். ஒன்றிய அரசின் மொழிபெயர்ப்புத் தளமான பாஷினி 2022-ல் வந்தது. 2023 டிசம்பரில் வாரணாசியில் காசி தமிழ்ச் சங்கமத்தில் பிரதமரின் இந்திப் பேச்சை அது உடனுக்குடன் தமிழில் தந்தது. பதிவு மேசையில் ஒருவரிடம் பெயர், ஊர் கேட்க, வழி சொல்ல, செயலி நன்றாகவே உதவும். ஆனால் ஜார்கண்ட் பெண்கள் தங்களுக்குள் பேசும் சாத்ரி மொழி அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையிலேயே இல்லை, செயலியிலும் அதை எதிர்பார்க்க முடியாது. சாட்சி சொல்லும்போது ஒருவர் அழுது நிறுத்தினால், செயலிக்கு அது வெறும் மௌனம். மேடையை அதன் கையில் கொடுக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

தனி ஜெபத்துக்கு வருகிறவர்களிடம் இன்னும் கவனம் வேண்டும். கடன், வீட்டுச் சண்டை, வேலையிடத்து வேதனை என்று அவர் சொல்வதை இடையில் ஒருவர் கேட்டுத்தான் மொழிபெயர்க்கிறார். பெண்களுக்குப் பெண்ணே மொழிபெயர்க்கட்டும். அவர் அதே கம்பெனியில், அதே விடுதியில் இருப்பவராக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் யாருடைய கைப்பேசியும் பதிவு செய்யக் கூடாது. கேட்டதை வெளியில் சொல்வதில்லை என்று மொழிபெயர்ப்பவரிடம் முன்பே உறுதி வாங்கியிருக்க வேண்டும்.

பெரும்பாலும் மறந்துபோவது அறிவிப்புகள். பிரசங்கத்துக்கு மூன்று மொழி ஏற்பாடு செய்துவிட்டு, "சாப்பாடு பின்பக்கப் பந்தலில், விடுதிப் பேருந்து நாலரைக்கு" என்று தமிழில் மட்டும் மைக்கில் சொல்வார்கள். மறுநாள் காலை ஆறு மணிக்கு ஆலை வாசலில் நிற்க வேண்டியவளுக்கு, அந்தப் பேருந்து நேரம்தான் அன்று மிக முக்கியமான வாக்கியம். அறிவிப்புகளை முன்பே எழுதி, எல்லா மொழிகளிலும் படிக்க ஆள் வையுங்கள். உணவு, கழிப்பறை, பேருந்து, முதலுதவி ஆகிய நான்குக்கும் பலகையும் வையுங்கள்.

உலகத் திருச்சபைகள் மன்றத்தின் பேரவைகளில் 18 முதல் 30 வயது இளைஞர்கள் தொண்டர்களாக அழைக்கப்பட்டு, முன்கூட்டிப் பயிற்சியும் பெறுகிறார்கள். நம் சபைகளிலும் பிளஸ் டூ, கல்லூரிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஓசூர்ப் பிள்ளைகளில் பலர் வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், பள்ளியில் தமிழும் ஆங்கிலமும் பேசுபவர்கள். மேடையேறக் கூச்சப்படும் பிள்ளைக்குக்கூட எண் எழுதி நீட்டும் நாற்காலி பொருந்தும். இரண்டு மாநாடு அப்படி உட்கார்ந்தவரை மூன்றாவதில் பத்து நிமிடம் மைக் முன்னால் அமர்த்திப் பார்க்கலாம்.

கூட்டம் முடிந்து ரிசீவர்களை எண்ணி வாங்கிய பிறகு, மொழிபெயர்த்தவர்களோடு கால்மணி நேரம் உட்காருங்கள். எந்தச் சொல்லில் நின்றார்கள், எங்கே ஒலி கெட்டது, எந்தப் பேச்சாளர் குறிப்புக் கொடுக்கவில்லை என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். அடுத்த வருடம் மாநாட்டுக் குழு முதல்முறை கூடும்போது அந்த நோட்டைக் கொண்டுபோய் வையுங்கள்.