வரைவு வெளிவரும்போதே வாய் திறங்கள்

வேடந்தாங்கல் விவசாயிகளுக்குப் பறவைகளின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீரே உரம். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊரார் கலெக்டரிடம் முறையிட்டு, 1798-லேயே எழுத்துமூலம் பாதுகாப்பு வாங்கினார்கள்.

ஏரி சுமார் 30 ஹெக்டேர்தான். ஆனால் பறவைகள் இரை தேடுவது சுற்றுவட்டார வயல்களிலும் குளங்குட்டைகளிலும். அதனால் 1998-ல் ஏரியைச் சுற்றி 5 கி.மீ. வரையுள்ள பகுதியும் சரணாலயமானது. 2020-ல் அதை 3 கி.மீ. ஆக்க வனத்துறை முன்மொழிந்தபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது, எல்லை குறையவில்லை.

வேடந்தாங்கல் மட்டுமல்ல, எந்த ஊரின் நிலமும் என்னவாகும் என்பது பல மட்டங்களில் முடிவாகிறது. ஒவ்வொன்றிலும் உங்களுக்கு உரிமை உண்டு.

ஊராட்சி: கிராம சபை ஆண்டுக்கு 6 முறை கூடுகிறது. ஏரி, மேய்ச்சல் நிலம், வரத்துக் கால்வாய் ஆகியவற்றைக் காக்கத் தீர்மானம் போடுங்கள். அது பதிவேட்டில் ஏறியதா என்று பாருங்கள்.

மாவட்டம்: ஊராட்சி, நகராட்சித் திட்டங்களை ஒருங்கிணைப்பது மாவட்டத் திட்டக் குழு. உங்கள் உள்ளாட்சிப் பிரதிநிதியிடம் அங்கே பேசச் சொல்லுங்கள்.

பெருநகரம்: சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கி.மீ.யிலிருந்து 5,904 ஆக விரிந்து, செங்கல்பட்டு மாவட்டத்துக்குள்ளும் வெகுதூரம் வந்திருக்கிறது. 1971-ம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டப்படி, மாஸ்டர் பிளான் வரைவுக்கு ஆட்சேபம் சொல்லக் குறைந்தது 2 மாத அவகாசம் தர வேண்டும்.

கடற்கரை: மாமல்லபுரம் கரையோரக் குப்பங்களுக்கு, 2019-ம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின்படி வரையப்படும் வரைபடமே முக்கியம். 2023-ல் தமிழகக் கடலோர மாவட்டங்களில் நடந்த கருத்துக் கேட்பில், வரைவு வரைபடத்தில் படகு நிறுத்தும் இடமும் வலை உலர்த்தும் மணலும் விடுபட்டிருப்பதாக மீனவர்கள் சுட்டிக்காட்டினார்கள். வரைபடத்தில் இல்லாத பொது இடத்தை நாளை யாரும் வளைத்துக்கொள்ளலாம்.

என்ன செய்யலாம்?

• வரைபடத்தில் உங்கள் சர்வே எண்ணைத் தேடி, எந்த வகையில் சேர்த்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

• ஆட்சேபத்தை எழுத்தில் கொடுங்கள். சர்வே எண், இன்றைய பயன்பாடு, வேண்டிய திருத்தம் மூன்றும் இருக்கட்டும். ஒப்புகை வாங்காமல் திரும்பாதீர்கள்.

• விவரம் தர மறுத்தால் 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும்.

• உங்கள் பகுதியில் ஓர் ஆலைக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்துவிட்டால், 30 நாளுக்குள் சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் மேலும் 60 நாள் வரை தீர்ப்பாயம் ஏற்கலாம்.

வரைவில் ஒரு கோட்டை மாற்ற ஒரு மனு போதும். அரசிதழில் வந்த பிறகு அதே கோட்டை மாற்ற ஆண்டுக்கணக்கில் வழக்காட வேண்டியிருக்கும்.