சாக்லேட் பாகு ரத்தமான கதை

ஒரு கல்லறைத் தோட்டம். பொழுது சாய்கிற நேரம். அண்ணனும் தங்கையும் வெகுதூரம் காரில் வந்து, அப்பாவின் சமாதியில் மலர் வளையம் வைக்கிறார்கள். ‘இதற்காகவா இத்தனை தூரம்?’ என்று அண்ணனுக்குச் சலிப்பு. தங்கைக்குச் சின்ன வயதிலிருந்தே கல்லறை என்றால் பயம். அதைச் சொல்லி அவளைக் கேலி செய்கிறான். தூரத்தில் ஓர் ஆள் தள்ளாடி நடந்து வருகிறான். கோட்டு போட்டிருக்கிறான். யாரோ குடிகாரன் என்று நினைக்கிறோம்.

அவன் பிணம்!

‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ என்ற அமெரிக்கப் படம் இப்படித்தான் தொடங்குகிறது. 1968-ல் வெளிவந்தது. வெள்ளிக் கிரகத்துக்குப் போய்த் திரும்பிய விண்கலம் ஒன்றின் கதிர்வீச்சால் செத்தவர்கள் எழுந்து, உயிரோடு இருப்பவர்களைத் தின்கிறார்கள். கதை இவ்வளவுதான். இதற்கு ஆன செலவு சுமார் 1,14,000 டாலர். அதே ஆண்டில் வந்த பிரம்மாண்டமான விண்வெளிப் படம் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’க்கு ஒரு கோடி டாலருக்கு மேல் ஆயிற்று.

தலைக்கு 600 டாலர்

படத்தை எடுத்தவர்கள் ஹாலிவுட்காரர்கள் அல்ல. இரும்பு ஆலைகளுக்குப் பெயர் போன பிட்ஸ்பர்க் நகரில் விளம்பரப் படம் எடுத்துப் பிழைத்த இளைஞர்கள். டைரக்டர் ஜார்ஜ் ரொமேரோவுக்கு அப்போது 27 வயது. பத்துப் பேர் சேர்ந்து தலைக்கு 600 டாலர் போட்டுத் தொடங்கினார்கள். நம்மவர்கள் சீட்டுப் பிடிப்பது மாதிரிதான். போதாமல் மேலும் ஆள் சேர்த்தார்கள்.

இடிக்கப் போகிற ஒரு பண்ணை வீடு கிடைத்தது. அதுதான் செட். தயாரிப்பாளர்களே நடித்தார்கள், அவர்களே மேக்கப்பும் போட்டார்கள். கூட்டாளி ஒருவரின் தாயாருடைய கார் படத்தில் ஓடியது. படப்பிடிப்பு நடக்கும்போது யாரோ அதை இடித்து நசுக்கிவிட்டார்கள். ரிப்பேருக்குப் பணம் ஏது? கார் மரத்தில் மோதுவதாக ஒரு காட்சியைச் சேர்த்துவிட்டார்கள்!

ரத்தத்துக்குச் சாக்லேட் பாகு. கறுப்பு வெள்ளைப் படத்தில் அது அசல் ரத்தமாகவே தெரியும். பிணங்கள் தின்னும் குடலும் இறைச்சியும் கசாப்புக் கடையிலிருந்து வந்தவை.

நம் மும்பையிலும் இப்படி ஒரு குடும்பம் உண்டு. 1972-ல் ‘தோ கஜ் ஜமீன் கே நீச்சே’ படத்தை ராம்சே குடும்பத்தார் மகாபலேஷ்வருக்குப் போய் எடுத்தார்கள். அப்பாவும் பிள்ளைகளுமே எல்லா வேலையும் பார்த்தார்கள். அது பேய்ப் படம், விஞ்ஞானம் கிடையாது. என்றாலும் வழி ஒன்றுதான்.

மூலையில் ஒரு ரேடியோ

சிக்கனம் வேறு, சாமர்த்தியம் வேறு. உலகமே அழிகிறது என்று காட்டக் கோடிகள் வேண்டும். இவர்களிடம் இருந்தது ஒரு வீடு. எனவே மூலையில் ஒரு ரேடியோவை வைத்தார்கள். ‘வீட்டை விட்டு வெளியே வராதீர்கள்’ என்கிறது ரேடியோ. பிறகு டெலிவிஷன் பேசுகிறது: ‘வீட்டில் இருக்காதீர்கள், பாதுகாப்பு முகாம்களுக்குச் செல்லுங்கள்.’ ரயில் வருகிற நேரத்தில் பிளாட்பாரம் மாறியதாக அறிவித்தால் நமக்கு வயிற்றில் ஒரு கலக்கம் வருமே, அந்தக் கலக்கம்! ஆயிரம் பிணங்களைக் காட்டியிருந்தாலும் அது வராது.

வீட்டுக்குள் ஏழு பேர். அவர்களுக்குள் சண்டை. நிலவறையில் இறங்கிக் கதவைத் தாழிடுவதே நல்லது என்கிறார் கூப்பர் என்ற குடும்பஸ்தர். மேலே இருந்தால்தான் தப்பி ஓட வழி உண்டு என்கிறான் பென். கூப்பர் சிடுமூஞ்சி, சுயநலக்காரர். பென் தைரியசாலி. நாம் பென் கட்சி. கடைசியில் எல்லோரும் சாகிறார்கள். பென் மட்டும் பிழைக்கிறான். எங்கே ஒளிந்து? அதே நிலவறையில்!

போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு எங்கள் அறையில் நான்கு பேர் கைப்பேசியில் இதைப் பார்த்தோம். ‘இது என்ன பழைய படம்’ என்று சிரித்துக்கொண்டிருந்தவர்தான் நடுவில் எழுந்துபோய்க் கதவுத் தாழ்ப்பாளைச் சரிபார்த்தார்.

முடிவைச் சொல்லிவிடுகிறேனே என்று யாரும் கோபிக்க வேண்டாம். அரை நூற்றாண்டு தாண்டிய படம். விடிகிறது. துப்பாக்கியோடு ஊர்க்காரர்கள் வருகிறார்கள். சத்தம் கேட்டு ஜன்னலருகே வந்த பென்னைப் பிணம் என்று எண்ணிச் சுட்டுவிடுகிறார்கள். பென்னாக நடித்த டுவேன் ஜோன்ஸ் கறுப்பர். நன்றாக நடித்துக் காட்டினார் என்று அவரைச் சேர்த்தார்களே தவிர, அது கறுப்பருக்கென்று எழுதிய வேஷம் அல்ல. முடிந்த படத்தை எடுத்துக்கொண்டு நியூயார்க்குக்குக் காரில் போகும் வழியில், மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட செய்தியை ரேடியோவில் கேட்டதாக ரொமேரோ பின்னாளில் சொல்லியிருக்கிறார். அதன் பிறகு அந்த முடிவை யாரால் வெறும் கதையாகப் பார்க்க முடியும்?

குரங்குத் தோலும் கண்ணாடிக் குடுவையும்

காசு இல்லாவிட்டால் படம் தானாக நன்றாக வந்துவிடுமா? வராது. 1953-ல் வந்த ‘ரோபோ மான்ஸ்டர்’ நான்கே நாளில் எடுத்தது. இயந்திர மனிதனைச் செய்யப் பணம் இல்லை. கொரில்லா வேஷக்காரர் ஒருவரைப் பிடித்து, தலையில் முக்குளிப்பவர் கவசம் போல ஒன்றை மாட்டி, பட்டப்பகலில் மலையடிவாரத்தில் நடக்க விட்டார்கள். பயப்பட வேண்டிய இடத்தில் ஜனங்கள் சிரித்தார்கள். இல்லாததை இருக்கிறது என்று முழுசாகக் காட்டப் போனதுதான் தப்பு.

1958-ல் வந்த ‘தி பிளாப்’ பூதமோ வெறும் சிவப்புக் கூழ். சின்னஞ்சிறு செட்டில் சாயம் போட்ட சிலிகோனை வைத்து, செட்டையும் கேமராவையும் சேர்த்துச் சாய்த்தார்கள். கூழ் தானாக ஊர்ந்து ஏறுவது போல் இருக்கிறது! அதன் கெட்டிக்காரத்தனம் வேறிடத்தில். கூழ் ஒரு சினிமா தியேட்டருக்குள் புகுகிறது. பார்க்கிறவரும் தியேட்டரில்தானே உட்கார்ந்திருக்கிறார்?

1997-ல் கனடாவில் எடுத்த ‘கியூப்’ படத்தில் அறை மாற்றி அறையாக எங்கெங்கோ தவிக்கிறார்கள். கட்டியதோ பதினான்கு அடி அறை ஒன்று. சுவர்ப் பலகைகளின் நிறத்தை மாற்றி மாற்றிப் படம் பிடித்தார்கள்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது 1956-ன் ‘இன்வேஷன் ஆஃப் தி பாடி ஸ்நாட்சர்ஸ்’. அதில் பூதமே கிடையாது. வேற்றுக் கிரகக் காய் ஒன்று, தூங்குகிற மனிதனைப் போலவே இன்னொருவனை உண்டாக்கிவிடும். ஒரு பெண் டாக்டரிடம் சொல்கிறாள்: அவர் என் மாமா இல்லை. முகம், குரல், பழைய ஞாபகங்கள் எல்லாம் சரியாக இருக்கின்றன. பாசம் மட்டும் இல்லை. இந்தக் காட்சிக்கு என்ன செலவு? ஒரு தோட்டம், புல் வெட்டுகிற ஒரு கிழவர். இரண்டு வருஷம் கழித்து ஊருக்குப் போய், சொந்தத் திண்ணையில் ‘யாரைப் பார்க்க வந்தீங்க?’ என்று கேட்கப்பட்டவர்களுக்கு இந்தப் பயத்தை விளக்க வேண்டியதில்லை.

விட்டுப்போன ஒரு வரி

பிட்ஸ்பர்க் இளைஞர்களுக்கு வருவோம். படம் அமோகமாக ஓடியது. லாபம் அவர்களுக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. காரணம், கோப்பு எழுதுகிற யாருக்கும் நெஞ்சு பகீர் என்கிற காரணம். முதலில் படத்துக்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள். விநியோகஸ்தர் பெயரை மாற்றினார். உரிமை யாருக்கு என்ற வரி பழைய தலைப்பு அட்டையில் இருந்தது. புது அட்டை செய்தபோது அதை எழுத மறந்துவிட்டார்கள்! அக்கால அமெரிக்கச் சட்டப்படி அந்த வரி இல்லாவிட்டால் உரிமை இல்லை. யார் வேண்டுமானாலும் பிரதி எடுத்தார்கள், டெலிவிஷனில் காட்டினார்கள், காசெட் போட்டு விற்றார்கள். 1990-ல் அதே கதையைக் கலரில் மறுபடி எடுத்தார்கள். இந்தத் தடவை உரிமையைப் பத்திரமாகப் பதிவு செய்துகொண்டார்கள்.

1999-ல் அமெரிக்க அரசு பழைய படத்தைத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்துக் கௌரவித்தது. ரொமேரோ 2017-ல் காலமானார். படம் இன்றும் இன்டர்நெட்டில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒன்றரை மணி நேரம்தான். விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள்.