பிஸ்ரல் பழகப் போகிறவர்களுக்கு ஒரு சொல்

இரவு 11.30. பின்னேர வேலை முடிந்து டோர்வல் பஸ் நிலையத்தை நோக்கி நடந்தால் ஒரு பக்கம் நெடுஞ்சாலை இரைச்சல், மறுபக்கம் தொழிற்சாலைச் சுவர். இந்தப் பாதையில்தான் சென்ற மாரியில் எங்களோடு வேலை செய்யும் தம்பி ஒருவரை இரண்டு பேர் கத்தி காட்டி மறித்தார்கள். ரெலிபோன் போனது. பணப்பையும் போனது. அதற்குள் இருந்த காசு 40 டொலர்தான். ஆனால் அவருடைய அகதிக் கோரிக்கைப் பத்திரமும் அதற்குள்தான் இருந்தது. பத்திரத்தை நினைத்து அவர் அழுத அழுகையை எங்களால் மறக்க முடியாது.

அடுத்த கிழமை முழுக்கச் சாப்பாட்டு அறையில் ஒரே கதை. "இனி ஒரு பிஸ்ரல் இல்லாமல் சரிவராது." பேச்சோடு நிற்காமல் அந்தத் தம்பி இரண்டு விளம்பரத் தாள்களையும் கொண்டுவந்தார். ஒன்று இங்கே கியூபெக்கில் வார இறுதியில் நடக்கும் துப்பாக்கிப் பாதுகாப்பு வகுப்பு. மற்றது அமெரிக்காவில் இருக்கும் மச்சான் அனுப்பியது, இரண்டு நாள் தற்காப்புப் பிஸ்ரல் பயிற்சி. "அண்ணை, எதற்குக் காசு கட்ட?" என்று கேட்டார். பிரெஞ்சு கொஞ்சம் வாசிக்கத் தெரிந்த நாங்கள் மூன்று பேர் விசாரிக்கப் புறப்பட்டோம். விசாரித்ததை எல்லோருக்கும் சொல்வது நல்லது என்று பட்டது.

முதலில் இங்குள்ள வகுப்பு. துவக்கு வைத்திருக்க உரிமப்பத்திரம் வேண்டும். அதற்கு முன் இந்தப் பாதுகாப்பு வகுப்பில் எழுத்திலும் செய்முறையிலும் 80 வீதம் எடுத்துத் தேற வேண்டும். பிஸ்ரல் என்றால் அதற்கு மேல் இன்னொரு வகுப்பு. வகுப்பில் சொல்லித்தருவது என்ன? துவக்கில் ரவை இருக்கிறதா என்று பார்ப்பது, குழலை எந்தப் பக்கம் பிடிப்பது, எப்படிப் பூட்டி வைப்பது. கள்ளனை எதிர்கொள்வது பற்றி ஒரு சொல்லும் இல்லை. விண்ணப்பத்தை மனைவிக்குத் தெரியாமல் போடவும் முடியாது. துணைவருக்கும், கடந்த இரண்டு வருடத்துக்குள் பிரிந்துபோன துணைவருக்கும் அறிவிக்கிறார்கள். முதல் முறை விண்ணப்பிப்பவர் குறைந்தது 28 நாள் காத்திருக்க வேண்டும்.

இவ்வளவும் செய்து உரிமம் எடுத்தாலும் பிஸ்ரல் வாங்க முடியாது! 2022 ஒக்டோபர் 21 முதல் கனடாவில் தனியாட்கள் கைத்துப்பாக்கி வாங்குவதும் விற்பதும் கைமாற்றுவதும் நிறுத்தப்பட்டுவிட்டன. 2023 டிசெம்பரில் அது சட்டமாகவே ஆனது. ஒலிம்பிக் போட்டிக்குப் பயிற்சி எடுப்பவர்கள் போன்ற மிகச் சிலருக்குத்தான் விலக்கு. அதற்கு முன்பே வாங்கி வைத்திருப்பவர்கள்கூட ரவை எடுத்து, விசைக்குப் பூட்டுப் போட்டு, பெட்டிக்குள் வைத்து அதையும் பூட்ட வேண்டும். வீட்டுக்குள் கள்ளன் வந்தால் இரண்டு திறப்புத் தேடுவதற்குள் அவன் தேத்தண்ணி குடித்துவிட்டே போவான். தெருவில் இடுப்பில் வைத்துக்கொண்டு நடப்பதற்கான அனுமதியோ காசு ஏற்றும் வண்டிக் காவலர் போன்றவர்களுக்குத்தான். எம்மவர் பலர் செய்யும் காவலாளி வேலைக்கு 70 மணி நேரப் பயிற்சி கட்டாயம், ஆனால் அந்த வேலையிலும் துவக்குக் கிடையாது.

ஏன் இந்த இறுக்கம் என்று கேட்பவர்கள் கோட்-டெ-நேஜ் பக்கம் போனால் குவீன் மேரி வீதியில் 1989 டிசெம்பர் 6 இன் பெயரால் இருக்கும் சிறு பூங்காவைப் பார்க்கலாம். அன்று எக்கோல் பொலிரெக்னிக் கல்லூரியில் ஒருவன் 14 பெண்களைக் கொன்றான். 1995 இன் துப்பாக்கிச் சட்டத்துக்குப் பின்னால் அந்தத் துயரம் இருக்கிறது. 2006 செப்டெம்பர் 13 இல் டோசன் கல்லூரியில் 18 வயது அனஸ்ராசியா டி சூசா கொல்லப்பட்டாள். சுட்டவனின் துவக்குகள் சட்டப்படி வாங்கியவை. அடுத்த வருடம் கியூபெக் கொண்டுவந்த சட்டத்தை மக்கள் அவள் பெயராலேயே அழைக்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்குள்ளும் பஸ்ஸுக்குள்ளும் துவக்குக் கூடாது என்றது அந்தச் சட்டம்.

இனி மச்சான் அனுப்பிய தாள். உண்மையில் அது நல்ல பயிற்சிதான். உறையிலிருந்து விரைவாக எடுப்பது, கிட்ட நிற்பவனைச் சுடுவது, சுடாமல் விலகுவது எல்லாம் உண்டு. இந்த வகைக்குப் பேர்போன பள்ளி, முன்னாள் மரீன் அதிகாரி ஜெப் கூப்பர் 1976 இல் அரிசோனாவில் தொடங்கியது. அங்கே பல மாநிலங்களில் பிஸ்ரலை மறைத்துக் கொண்டுபோகலாம், ஆகவே அங்குள்ளவர்களுக்கு அது பொருந்தும். எங்களுக்கு? கோரிக்கை முடியாதவர் எல்லையைத் தாண்டவே கூடாது. நிரந்தர வதிவிடம் பெற்று விசாவோடு போகிறவரும் கவனம். வேட்டை அனுமதி போன்ற சில விலக்குகள் தவிர, தற்காலிக விசாவில் வந்தவர் துவக்கைக் கையில் எடுப்பதே அங்கே மத்திய சட்டப்படி குற்றம். மச்சான் அன்பாகத்தான் கூப்பிடுகிறார். அவருக்கு இது தெரியாது.

"களவாக ஒன்று எடுத்தால் என்ன?" என்றும் ஒரு குரல் வந்தது. அனுமதியில்லாமல் ரவையோடு பிஸ்ரல் வைத்திருந்தால் பத்து வருடமோ அதற்கு மேலோ சிறை விதிக்கக்கூடிய குற்றம். அவ்வகைக் குற்றத்தில் தீர்ப்பானால் அகதிக் கோரிக்கை விசாரணைக்கே எடுக்கப்படாமல் போகலாம். நிரந்தர வதிவிடம் கிடைத்தவரையும் நாட்டைவிட்டு அனுப்ப அது வழி திறக்கும். 40 டொலருக்காக இதையா பணயம் வைப்பது?

பெண்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்கக் கடைகளில் விற்கும் மிளகு ஸ்பிறேயைச் சொந்தக்காரர் வாங்கி வந்து கைப்பைக்குள் போட்டுத் தருகிறார்கள். மனிதர்மேல் அடிப்பதற்கென்று செய்த ஸ்பிறே கனடாவில் தடைசெய்யப்பட்ட ஆயுதம். கரடிக்கென்று விற்பதை மனிதருக்கென்று கொண்டுபோனாலும் குற்றம்தான்.

அப்படியென்றால் அடிவாங்கிக்கொண்டு நிற்பதா? இல்லை. குற்றவியல் சட்டத்தின் 34ஆம் பிரிவு, நிலைமைக்கு ஏற்ற நியாயமான அளவில் தன்னைக் காத்துக்கொள்ள இடம் தருகிறது. ஆகவே மூன்றாவது வகை வகுப்பு ஒன்றைத் தேடினோம். வெறுங்கைத் தற்காப்பு. ஒரு சமூக நிலையத்தில் செவ்வாய்க்கிழமைகளில் நடக்கிறது. எங்கள் வீட்டுக்காரிகளும் வந்தார்கள்.

முதல் நாள் அடி உதை ஒன்றும் இல்லை. கத்தச் சொன்னார்கள். "லாஷ் முவா!" என்று. விடு என்னை என்று அர்த்தம். எங்களுக்கு வாய் திறக்கவில்லை! செக்பொயின்ற்றிலும் முகாமிலும் சத்தம் போடாமல் இருந்து உயிர் தப்பியவர்கள் நாங்கள். ஊரில் ஒரு வீட்டில் துவக்கு இருக்கிறதென்று தெரிந்தால் ஆமியும் வரும், இயக்கமும் வரும். ஆகவே எதையும் மறைத்து, எதற்கும் தலை குனிந்தே பழகிவிட்டோம். மூன்றாம் கிழமைதான் ஒரு அக்கா கத்தினார். பக்கத்து அறையில் பின்னல் வகுப்பில் இருந்த கிழவிகள் ஓடி வந்துவிட்டார்கள்.

அங்கே பழகியவை சிறியவை. பிடித்த கையைப் பெருவிரல் பக்கமாகத் திருப்பி விடுவிப்பது. கத்தி கண்டால் பையை ஒரு பக்கம் எறிந்துவிட்டு மறுபக்கம் ஓடுவது. இரண்டு பேராகச் சேர்ந்து நடப்பது. இரவில் தனியே பயணம் செய்யும் பெண் கேட்டால் பஸ் சாரதி இரண்டு தரிப்புகளுக்கு நடுவிலும் இறக்கிவிடுவார் என்பதும் அங்கேதான் தெரிந்தது.

அந்தத் தம்பியைக் குற்றச் செயலால் பாதிக்கப்பட்டோருக்கு உதவும் காவாக் நிலையத்துக்குக் கூட்டிப்போனோம். சேவை இலவசம். செய்தவனைப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் உதவுவார்கள். பத்திரம் மறுபடி எடுக்க மாதக்கணக்கு ஆனது. இப்போது அவர் மூலப்பத்திரத்தை வீட்டில் வைத்துவிட்டுப் பிரதியோடுதான் வேலைக்கு வருகிறார். நாங்களும் அப்படித்தான். மச்சானின் தாள் இன்னும் சாப்பாட்டு அறைப் பலகையில் குத்தியபடி இருக்கிறது. அதன் பின்பக்கத்தில் யாரோ ஓவர்டைம் கணக்கு எழுதியிருக்கிறார்கள்.

செவ்வாய் வகுப்புக்கு வர விரும்புகிறவர்கள் இலகுவான கால்சட்டை போட்டு வாருங்கள். ஜீன்ஸ் போட்டுக்கொண்டு போய்க் கால் தூக்கச் சொன்னபோது நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்.