குரங்கு வழக்கும் நமது பாடப் புத்தகமும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், உயிர்களின் பரிணாமத்தைப் பள்ளிக்கூடத்தில் கற்பிக்கலாமா கூடாதா என்ற விவகாரம் நூறு வருஷங்களாக ஓய்ந்தபாடில்லை. ஆண்டவன் உலகை ஆறு நாளில் படைத்தான் என்று பைபிளில் கண்டபடியே பிள்ளைகள் அறிய வேண்டும் என்போர் ஒரு கட்சி. பாறையும் எலும்பும் உயிரணுவும் கூறும் சான்றுகளை அவர்களிடம் மறைக்கலாகாது என்போர் மற்றொரு கட்சி. அந்நிய நாட்டார் சச்சரவு நமக்கெதற்கு என்று நேயர்கள் நினைக்கக்கூடும். ஆனால் 2023-ம் வருஷம் நமது மத்திய பாடப் புத்தகத்திலிருந்தே பரிணாமம் என்னும் பகுதி மறைந்து போயிற்று. அது மறைந்த விதத்தின் தன்மையை உணர வேண்டுமானால், அமெரிக்காவில் நடந்ததை முதலில் அறிந்துகொள்வது அவசியம். அங்கே நியாயஸ்தலங்களில் நடந்த போராட்டங்களைக் காட்டிலும், நியாயஸ்தலத்துக்கு வராமலே நடந்தேறிய காரியந்தான் அதிகத் தீங்கு விளைத்தது என்பது நமது அபிப்பிராயம்.

1925-ம் வருஷம் டென்னஸி மாகாணச் சட்டசபை ஒரு சட்டம் செய்தது. சர்க்கார் பணத்தில் நடக்கும் எந்தப் பாடசாலையிலும், மனிதன் கீழ்ப்பட்ட பிராணிகளிலிருந்து தோன்றியவன் என்று போதிப்பது குற்றம். போதித்தவருக்கு 100 முதல் 500 டாலர் வரை அபராதம். இச்சட்டத்தைச் சோதிக்க எந்த உபாத்தியாயராவது முன்வந்தால் அவருக்காக வழக்காடத் தயார் என்று அமெரிக்கப் பிரஜா உரிமைச் சங்கத்தார் பத்திரிகையில் விளம்பரம் செய்தார்கள். டேட்டன் என்ற சிற்றூரின் பிரமுகர்கள் சிலர் ஒரு மருந்துக் கடையில் கூடினர். வழக்கு தங்கள் ஊரில் நடந்தால் ஊர் பிரசித்தி பெறும் என்று கணக்கிட்டு, 24 வயது வாலிபரான ஜான் ஸ்கோப்ஸைச் சம்மதிக்கச் செய்தனர். அவர் பந்தாட்டம் பயிற்றுபவர். உயிர்நூல் உபாத்தியாயர் வராதபோது அவருக்குப் பதிலாக வகுப்பில் நின்றவர். பரிணாமப் பாடத்தைத் தாம் நடத்தினோமா இல்லையா என்பதே அவருக்கு நிச்சயமில்லை! வக்கீல் தொழிலில் ஜோடித்த வழக்குகளை நாம் பார்த்ததுண்டு. எதிரியே தான் செய்தோமா என்று சந்தேகிக்கும் குற்றம் அபூர்வந்தான்.

அவ்வருஷம் ஜூலை 10 முதல் 21 வரை விசாரணை நடந்தது. ராஜ்யத் தலைமைக்கு மும்முறை போட்டியிட்ட வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன் சட்டத்தின் பக்கம். பெயர் பெற்ற கிரிமினல் வக்கீல் கிளாரன்ஸ் டாரோ ஸ்கோப்ஸின் பக்கம். விஞ்ஞானிகளின் சாட்சியம் ஜூரிகளின் காதில் விழ நீதிபதி இடங்கொடுக்கவில்லை. ஆகவே டாரோ, எதிர்த்தரப்பு வக்கீலான பிரையனையே சாட்சியாக அழைத்து, பைபிள் நிபுணர் என்ற முறையில் குறுக்குக் கேள்வி கேட்டார். படைப்பின் ஆறு நாட்கள் இருபத்து நான்கு மணி கொண்ட நாட்களாகவே இருக்க வேண்டுவதில்லை என்று பிரையன் ஒப்புக்கொண்டார். ஆனாலும் ஜூரிகள் ஒன்பது நிமிஷத்தில் ஸ்கோப்ஸ் குற்றவாளி என்றனர். அபராதம் 100 டாலர். 1927-ல் மாகாண உயர் நியாயஸ்தலம், சட்டம் செல்லும் என்றும், 50 டாலருக்கு மேற்பட்ட அபராதத்தை ஜூரிகளே விதிக்க வேண்டியிருக்க நீதிபதி விதித்தது தவறு என்றும் கூறித் தண்டனையை ரத்து செய்தது. தண்டனை ரத்தாகவே, மேல் அப்பீலுக்கு இடமில்லாமற் போயிற்று. ஸ்கோப்ஸ் தப்பினார், சட்டமும் தப்பிற்று. 1967 வரை அது உயிரோடிருந்தது.

பிரையனை வெறும் பழமைவாதி என்று ஏளனம் செய்வது எளிது, அது நியாயமன்று. வலியோர் எளியோரை நசுக்குவதற்கு டார்வினின் பெயர் சாக்காகப் பயன்படுகிறது என்று அவர் அஞ்சினார். அந்த அச்சத்துக்கு ஆதாரம் வெகு தூரத்தில் இல்லை. எந்தப் புத்தகத்திலிருந்து பாடம் சொன்னதற்காக ஸ்கோப்ஸ் குற்றவாளியானாரோ, 1914-ல் வெளியான ஹண்டரின் அந்த உயிர்நூலே, மனித குலத்தை ஐந்து இனங்களாகப் பிரித்து, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வாழும் நாகரிக வெள்ளையரே அனைவரினும் உயர்ந்த வகை என்று எழுதியிருந்தது. ஆசியாவையும் ஆப்பிரிக்காவையும் அடக்கி ஆண்டவர்களுக்கு அக்காலத்தில் இப்படிப்பட்ட விஞ்ஞானம் எவ்வளவு சௌகரியமாயிருந்தது என்பதை நம்மவர்க்கு விவரித்துச் சொல்ல வேண்டுவதில்லை. ஆனால் அந்தப் பொய்யை உடைத்தது எது? சட்டசபைத் தடை அன்று, பரிணாம ஆராய்ச்சியேதான். மனித குலம் முழுவதும் ஆப்பிரிக்காவில் தோன்றிய ஒரே குடும்பம் என்பதையும், நிறத்தைக் கொண்டு வகுத்த உயர்வு தாழ்வுக்கு உயிர்நூலில் ஆதாரமில்லை என்பதையும் பிற்காலத்தில் அதுவே நிலைநாட்டிற்று.

இனி, வழக்கு மன்றத்துக்கு வெளியே நடந்ததைப் பார்ப்போம். விசாரணை முடிந்த மறு வருஷமே, 1926-ல், ஹண்டரின் புத்தகம் புதுப் பதிப்பாக வெளிவந்தது. பரிணாமம் என்ற சொல் அதில் இல்லை. எந்த நீதிபதியும் அவ்வாறு உத்தரவிடவில்லை. புத்தகம் விற்க வேண்டுமே என்ற கவலை ஒன்றே உத்தரவாயிற்று. மற்றப் பிரசுரகர்த்தர்களும் அதே வழியைப் பின்பற்றவே, தடைச் சட்டமே இல்லாத மாகாணங்களின் பிள்ளைகளும் ஏறக்குறைய முப்பது வருஷம் டார்வினைச் சரியாக அறியாமலே உயிர்நூல் படித்துத் தேறினார்கள். 1957-ல் ருஷியர்கள் ஸ்புட்னிக்கை வானில் ஏவிய பிறகே அமெரிக்க சர்க்கார் விழித்துக்கொண்டு, தங்கள் விஞ்ஞானக் கல்வி எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்று பார்த்தார்கள். 1960-க்குப் பிறகு சர்க்கார் பண உதவியுடன் விஞ்ஞானிகள் எழுதிய புதிய புத்தகங்களில்தான் பரிணாமம் திரும்பவும் தலை காட்டியது. ஒரு சட்டமும் இல்லாமல், ஒரு விவாதமும் இல்லாமல், ஒரு தலைமுறையின் கல்வி குறைந்து போயிற்று என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

வழக்கு மன்றத்தில் சிருஷ்டிவாதிகள் அதன் பின்பு தொடர்ந்து தோற்றே வந்தனர். 1968-ல் அர்கன்ஸா மாகாணத் தடைச் சட்டத்தை ஐக்கிய நாடுகளின் சுப்ரீம் கோர்ட்டு செல்லாதென்றது. பரிணாமத்தைத் தடுக்க முடியாதென்று கண்டதும், அதனோடு சிருஷ்டியையும் சமமாகக் கற்பிக்க வேண்டும் என்று லூசியானா மாகாணம் 1981-ல் சட்டம் செய்தது. சமத்துவம் என்றால் யாருக்கு இனிக்காது? ஆயினும் ஒரு மதக் கொள்கைக்குச் சர்க்கார் துணை போவதே இதன் நோக்கம் என்று 1987-ல் ஒன்பது நீதிபதிகளில் எழுவர் தீர்ப்பளித்தனர். அதன் பின் சிருஷ்டி என்ற பெயரே மறைந்து, ‘அறிவார்ந்த வடிவமைப்பு’ என்ற புதுப் பெயர் பிறந்தது. வடிவமைத்தவன் யார் என்று மட்டும் சொல்லமாட்டார்கள்.

அந்தப் புதுப் பெயரின் குட்டு வெளிப்பட்ட இடம் பென்ஸில்வேனியாவில் உள்ள டோவர் என்னும் ஊர். 2004-ம் வருஷம் அக்டோபரில் அவ்வூர்ப் பள்ளிக்கூடச் சபையார், மூவர் எதிர்க்க அறுவர் ஆதரவில் ஒரு தீர்மானம் செய்தனர். டார்வினுடையது வெறும் கொள்கை, அதில் இடைவெளிகள் உண்டு, வடிவமைப்பு வாதம் வேறொரு விளக்கம், அதற்கான புத்தகம் பள்ளியில் இருக்கிறது என்று ஒன்பதாம் வகுப்பு மாணாக்கருக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்பது அதன் சாரம். உயிர்நூல் உபாத்தியாயர்கள் வாசிக்க மறுத்துவிட்டார்கள். அதிகாரிகளே வகுப்புக்கு வந்து வாசித்தார்கள். பதினொரு பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். 2005 செப்டம்பர் 26 முதல் நவம்பர் 4 வரை ஹாரிஸ்பர்க் நகரில் ஜூரி இல்லாமல் விசாரணை நடந்தது.

அந்த விசாரணையை வக்கீல்கள் அனைவரும் படிக்க வேண்டும். பெற்றோர் தரப்பின் முதல் சாட்சி கென்னத் மில்லர் என்ற உயிர்நூல் பேராசிரியர். அவர் கத்தோலிக்க மதத்தினர், தெய்வ நம்பிக்கையுடையவர். வாலில்லாக் குரங்குகளின் உயிரணுவில் 24 ஜோடிக் குரோமோசோம்கள் உண்டு, மனிதனுக்கோ 23. பொதுவான முன்னோர் உண்டென்றால், விடுபட்ட ஜோடி எங்கே போயிற்று? மனிதனுடைய இரண்டாவது குரோமோசோமைச் சோதித்தபோது, நுனிகளில் மாத்திரமே இருக்க வேண்டிய அடையாளம் அதன் நடுவிலும் காணப்பட்டது. இரண்டு பத்திரங்களை ஒட்டி ஒன்றாக்கினால், நடுவில் பழைய முத்திரை தெரிவது போல, இரண்டு குரோமோசோம்கள் இணைந்து ஒன்றான தடம் அது. மறுதரப்பின் பிரதான சாட்சியோ, விஞ்ஞானத்துக்குத் தாம் கூறும் இலக்கணப்படி ஜோதிடமும் விஞ்ஞானக் கொள்கையே ஆகும் என்று குறுக்கு விசாரணையில் ஒப்புக்கொண்டார். நம் ஊர் ஜோதிடர்கள் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்கள்.

எல்லாவற்றிலும் சுவையான சான்று ஒன்று உண்டு. சபையார் சிபார்சு செய்த புத்தகத்தின் பழைய கையெழுத்துப் படிகள் கோர்ட்டுக்கு வரவழைக்கப்பட்டன. 1987-ம் வருஷத் தீர்ப்புக்கு முந்திய படிகளில் ‘சிருஷ்டிவாதிகள்’ என்று இருந்த இடங்களிலெல்லாம், பிந்திய படிகளில் ‘வடிவமைப்பை ஆதரிப்போர்’ என்று இருந்தது. ஓரிடத்தில் மட்டும் திருத்தியவர் கை தவறிவிட, பழைய ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தும் வாலும் புதிய சொல்லின் இருபுறமும் ஒட்டிக்கொண்டு நின்றன! ஒரு பிராணி இன்னொன்றாக மாறும் இடைநிலையைக் காட்டுங்கள் என்று அறைகூவியவர்களின் புத்தகத்திலேயே இடைநிலை அகப்பட்டது.

நீதிபதி ஜான் ஜோன்ஸ் ரிபப்ளிகன் கட்சியைச் சார்ந்தவர். ஜார்ஜ் புஷ் நியமித்தவர். டிசம்பர் 20-ல் அவர் வழங்கிய 139 பக்கத் தீர்ப்பு, வடிவமைப்பு வாதம் விஞ்ஞானமன்று என்றது. பரிணாமத்தை ஏற்பதால் தெய்வ நம்பிக்கைக்கு முரண் ஏற்படும் என்ற எண்ணத்தையும் மறுத்தது. இதற்கிடையே நவம்பரில் நடந்த தேர்தலில் ஊர் ஜனங்கள் போட்டியிட்ட பழைய சபையார் எண்மரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இவ்வளவுக்குப் பிறகு அமெரிக்க வகுப்புகளில் பரிணாமம் தழைத்திருக்க வேண்டுமல்லவா? 2007-ல் 926 உயிர்நூல் உபாத்தியாயர்களை விசாரித்து, 2011-ல் இரு பேராசிரியர்கள் முடிவை வெளியிட்டனர். பகிரங்கமாகச் சிருஷ்டிவாதத்தை ஆதரித்தவர் 13 சதவிகிதம். பரிணாமத்தைத் திறம்படக் கற்பித்தவர் 28 சதவிகிதம். எஞ்சிய 60 சதவிகிதத்தினர், ஊராரோடு வம்பு எதற்கு என்று பட்டும் படாமலும் பாடத்தை நடத்திக் கடந்து போனவர்கள். 2019-ல் எடுத்த கணக்கில் நிலை தேறியிருந்தது என்பது உண்மை. ஆனால் வாதாடித் தோற்ற 13 பேரை விட, வாய் திறவாத 60 பேர் அன்றோ பிள்ளைகளின் அறிவை அதிகம் குறைத்தவர்கள்?

இப்போது நமது நாட்டுக்கு வருவோம். 2018 ஜனவரியில் மத்திய கல்வி இலாகாவின் உதவி மந்திரி சத்யபால் சிங், டார்வின் கொள்கை தவறு, பாடத்திட்டத்திலிருந்து அதை மாற்ற வேண்டும் என்று பேசினார். குரங்கு மனிதனானதைக் கண்டதாக நம் முன்னோர் எவரும் சொன்னதில்லை என்பது அவர் காட்டிய காரணம். அவர் பம்பாய் நகரின் போலீஸ் கமிஷனராக இருந்தவர். கண்ணால் கண்ட சாட்சி இல்லாமலே, சந்தர்ப்ப சாட்சியங்களைக் கோத்து எத்தனை கொலைக் குற்றங்கள் ருசுவாகின்றன என்பதை அவரினும் நன்கறிந்தவர் யார்? மூன்று விஞ்ஞானக் கழகங்கள் கூட்டாகக் கண்டித்தன. மூத்த மந்திரி ஜாவடேகரும் இத்தகைய பேச்சைத் தவிர்க்கும்படி கூறினார். பாடம் பிழைத்தது. பகிரங்கமாகப் பேசினார், பகிரங்கமாக மறுக்கப்பட்டார். அம்மட்டில் அந்த மந்திரிக்கு நாம் நன்றி கூறலாம்.

அடுத்த தடவை யாரும் பேசவில்லை. கொள்ளை நோய்க் காலத்தில் பரீட்சைச் சுமையைக் குறைக்கத் தற்காலிகமாக ஒதுக்கியிருந்த பரிணாமப் பகுதியை, தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழுவினர் 2022-ல் நிரந்தரமாக விலக்கத் தீர்மானித்தனர். பத்தாம் வகுப்பில் ‘பாரம்பரியமும் பரிணாமமும்’ என்றிருந்த அத்தியாயம், 2023-ல் அச்சான புத்தகத்தில் ‘பாரம்பரியம்’ மட்டும் ஆயிற்று. 1926-ம் வருஷத்து ஹண்டர் பதிப்பு நமக்கு நினைவு வருகிறது. 1,800-க்கு மேற்பட்ட விஞ்ஞானிகளும் உபாத்தியாயர்களும் ஆட்சேபித்துக் கையெழுத்திட்டார்கள். பன்னிரண்டாம் வகுப்பு உயிர்நூலில் பரிணாமம் விரிவாக இருக்கிறதே, ஆட்சேபம் ஏன் என்று பதில் வந்தது.

இதில் மத நோக்கம் இருந்தது என்று நாம் குற்றஞ்சாட்டவில்லை. அதே வருஷம் பத்தாம் வகுப்பிலிருந்து மூலகங்களின் ஆவர்த்தன அட்டவணையும் நீங்கிற்று. அந்த அட்டவணையோடு எந்த மதத்துக்கும் பகை கிடையாது. சுமை குறைப்பு என்ற காரணம் மெய்யாகவே இருக்கலாம். ஆனால் இந்நாட்டில் விஞ்ஞானம் எல்லாருக்கும் கட்டாயப் பாடமாக இருப்பது பத்தாம் வகுப்பு வரையில்தான். அதற்கு மேல் வர்த்தகமோ சரித்திரமோ எடுத்துக்கொள்ளும் பிள்ளை, உயிர்நூலை எட்டியும் பார்க்காது. பின்னாளில் குமாஸ்தாவாகவும் சட்டசபை அங்கத்தினராகவும், ஏன், கல்வி மந்திரியாகவும் வரப்போவது அந்தப் பிள்ளைதான். பன்னிரண்டாம் வகுப்புப் பதில் அவனுக்குப் பதிலாகாது. தமிழ்நாட்டு சர்க்காரின் பாடத்திட்டத்தில் 2019-ல் வெளியான பத்தாம் வகுப்புப் புத்தகம், உயிரின் தோற்றத்துக்கும் பரிணாமத்துக்கும் தனி அத்தியாயமே கொடுத்தது. அதனால் ஒரே தெருவில் வசிக்கும் இரு பிள்ளைகளில் ஒருவன் தன் வம்ச வரலாற்றை அறிவான். மத்திய பாடத்திட்டப் பள்ளிக்குப் போகும் மற்றவன் அறியமாட்டான்.

டோவர் ஊராருக்குக் கிடைத்தது நமக்குக் கிடைக்கவில்லை என்பதே நமது குறை. அங்கே தீர்மானம் செய்தவர்கள் சாட்சிக் கூண்டில் ஏறிக் காரணம் சொல்ல நேர்ந்தது. இங்கே ஒரு நீக்கற்பட்டியல் மாத்திரம் வெளிவந்தது. 2023-ல் வகுத்த தேசியப் பாடத்திட்டச் சட்டகத்தையொட்டிப் புதிய புத்தகங்கள் வகுப்பு வகுப்பாக எழுதப்படலாயின. அவற்றை எழுதும் பொறுப்புடையோர், பத்தாம் வகுப்பைத் தாண்டாமல் பரிணாமத்துக்கு இடம் தருவார்களாக. எந்தப் பதிப்பிலாவது எந்தப் பாடத்தையாவது எடுத்துவிடுவதென்றால், எடுத்ததற்குக் காரணத்தையும் எடுத்தவர்களின் பெயர்களையும் அப்புத்தகத்தின் முன் பக்கத்திலேயே அச்சிடட்டும்.