மறைத்த காயமே புறப்புண்

காயம் என்றால் உடல். காயம் என்றால் புண். ஒரே சொல், பொருளோ இரண்டு. சித்தர்கள் பாடியது முதற் காயத்தை; செருக்களத்திலே வீரர்கள் ஏற்றது இரண்டாம் காயத்தை. இரண்டையும் ஒருசேரச் சுமந்துகொண்டு ஓடிய இளைஞன் ஒருவனைக் கண்டோம், சென்ற பங்குனியிலே, கேளம்பாக்கத்திலே.

கோவளம் நோக்கிப் போகும் சாலை. ஓரத்திலே உப்பளம், பாத்தி பாத்தியாக நீர், அப்பால் முட்டுக்காட்டுக் கழி. முதுகுக்குப் பின்னே பழைய மாமல்லபுரச் சாலையின் கண்ணாடி மாளிகைகள் விளக்கணையாமல் நிற்கின்றன. முன்னே, கதிரவன் இன்னும் எழவில்லை. அந்த இருளிலே ஓடி வந்தான் அவன். காலிலே கனத்த பூட்சு. முதுகிலே மணல் நிரப்பிய பை. ஓட்டம் அழகுதான், ஆனால் பத்தடிக்கு ஒருமுறை இடக்கால் ஏமாற்றியது. தரையைத் தொடுவதற்குமுன் தயங்கியது. குழந்தை சுடுசோற்றைத் தொடுமே, அப்படி!

நிறுத்தினோம். பேசினோம்.

உப்பளத் தொழிலாளியின் மகன். படையிலே சேர்ந்து ஆறு ஆண்டுகள் ஆயின. காலாட்படை வீரன். நோய்விடுப்பிலே ஊர் வந்திருக்கிறான். ஐப்பசியிலே நெடுநடைப் பயிற்சி; கணுக்காலுக்கு மேலே, கீழ்க்கால் எலும்பிலே வலி. சொல்லவில்லை. மூன்று வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினான். மயிரிழை போல் கீறியிருந்த எலும்பு பிளந்தே விட்டது. பிறகு மருத்துவமனை, கட்டு, எளிய வேலை, இப்போது விடுப்பு. ஆறு வாரத்திலே மருத்துவக் குழு முன் நிற்க வேண்டும். முழுத் தகுதி என்று எழுதிவிட்டால், பாராசூட் படைப்பிரிவின் சிறப்புப் படைக்குத் தன்னை ஒப்புக்கொடுக்க விண்ணப்பம் தயார்.

"ஏன் தம்பி, இருக்கிற படை போதாதா?" என்று கேட்டோம்.

"போதும்ணே. ஆனா, நாங்க மாட்டிக்கிட்டு நின்ன ஒரு ராத்திரியில அவங்க வந்தாங்க. வந்ததும் எங்க ஆளுங்க எல்லாரும் மூச்சு விட்டாங்க. அந்தச் சத்தம் இன்னும் காதுல இருக்கு. வந்தா மத்தவன் மூச்சு விடுறான் பாருங்க, அப்படி ஒருத்தனா நானும் இருக்கணும்."

மயங்கினோம் அந்த விடையிலே. பதவி கேட்கவில்லை; பட்டம் கேட்கவில்லை. பிறன் மூச்சுக்குக் காவலாக இருக்க விரும்புகிறான்!

"வலி இருக்கிறதா?"

"இருக்கு. கொஞ்சம்."

"மருத்துவரிடம் சொன்னாயா?"

உப்பளத்தைப் பார்த்தான். விடை வரவில்லை. பிறகு மெல்லச் சொன்னான்: ஓடச் சொல்லவில்லையாம் மருத்துவர், நடக்கத்தான் சொன்னாராம். குழு முன் நிற்கும் நாளன்று வலி மாத்திரை இரண்டு போட்டுக்கொண்டால் ஒன்றும் தெரியாது என்று நண்பன் ஒருவன் வழி சொல்லியிருக்கிறானாம்.

இந்த வழியைப் பற்றித்தான் எழுதுகிறோம் இன்று. அவன் ஒருவனுக்காக அல்ல. தாம்பரத்திலிருந்து திருப்போரூர் வரை, விடியலிலே சாலையோரம் ஓடும் ஒவ்வோர் இளைஞனுக்காகவும்.

புண்ணைப் பற்றித் தமிழனுக்கு யாரும் பாடம் சொல்லத் தேவையில்லை. முகத்திலும் மார்பிலும் ஏற்ற புண் விழுப்புண். முதுகிலே பட்டது புறப்புண். முன்னது பெருமை, பின்னது பழி. வெண்ணிப் பறந்தலையிலே — இன்றைய நீடாமங்கலத்துக்கு அருகேயுள்ள கோயில்வெண்ணியிலே — கரிகாலனோடு பொருதான் சேரமான் பெருஞ்சேரலாதன். மார்பிலே பாய்ந்த வேல் முதுகிலே வெளிப்பட்டது என்பார்கள். முதுகிலே தழும்பு! அது நாணத்துக்கு உரியது என்று கருதிய மன்னன், வடக்கிருந்து உயிர் துறந்தான். புறநானூறு போற்றுகிறது அவனை.

போற்றட்டும். ஆனால் நாம் ஒன்று கேட்கிறோம். அந்த மன்னன் செய்யாதது எது? மறைக்கவில்லை அவன்! முதுகை மூடிக்கொண்டு அரியணையிலே அமரவில்லை. புண்ணை வெளிப்படையாக ஏற்றான். அவனுடைய முடிவு அந்தக் காலத்து அறம். இன்று அந்த முடிவு யாருக்கும் வேண்டாம். அவனுடைய நேர்மை மட்டும் இன்றைக்கும் வேண்டும். நெடுநடையிலே கீறிய எலும்பு பழியாகாது. மறைத்த எலும்புதான் பழி. இந்தக் காலத்துப் புறப்புண் முதுகிலே இல்லை, தோழர்களே, மறைப்பிலே இருக்கிறது!

ஏன் இவ்வளவு கடுமையாகச் சொல்கிறோம்? சிறப்புப் படை என்பது என்ன என்று பாருங்கள்.

கேளம்பாக்கத்திலே புறப்பட்டு வண்டலூர்ச் சாலையிலே போனால், அந்தப் பக்கத்திலே நெடுங்குன்றம். அங்கே இருக்கிறது தேசியப் பாதுகாப்புப் படையின் சென்னை மையம். 1984-இல் தோன்றிய படை அது. கருப்புப் பூனைகள் என்று ஊர் அழைக்கும் படை. 2008 நவம்பரிலே மும்பை பற்றி எரிந்தபோது, தில்லிப் பக்கத்திலிருந்து வீரர்கள் வந்து சேர நேரம் பிடித்தது. அந்தப் பாடத்தைக் கற்று, 2009-இல் மும்பை, கொல்கத்தா, ஐதராபாத், சென்னை ஆகிய நகரங்களிலே மையங்கள் அமைத்தார்கள். காலம் உயிர் என்பதை உணர்ந்து பிறந்த மையம், நம் வீட்டு வாசலிலே!

பாராசூட் சிறப்புப் படையோ, கடற்படையின் மார்கோசோ, கருப்புப் பூனையோ, எல்லாவற்றுக்கும் ஓர் இலக்கணம் உண்டு. ஆயிரம் பேராகப் போகும் படை அல்ல. விரல்விட்டு எண்ணும் சிறு குழு. ஆயிரம் பேரிலே ஒருவன் நொண்டினால் அணி நகர்ந்துவிடும். ஆறு பேரிலே ஒருவன் விழுந்தால்? அவனைத் தூக்க இருவர். அந்த இருவரின் துப்பாக்கியும் மௌனம். ஆறு, மூன்றாகிவிட்டது! பகைவன் சுடாமலே பாதிப் படை போயிற்று. மாத்திரையின் மறைவிலே உள்ளே நுழைந்தவனுடைய கால், அவனுடைய கால் மட்டுமா? குழுவின் கால் அல்லவா? பிறன் மூச்சு விடுவதற்காகப் போகிறேன் என்றவன், பிறன் மூச்சை நிறுத்தவா போவது?

படையிலே உடல்தகுதியை ஐந்து எழுத்தாலே எழுதுவார்கள் — 'ஷேப்' என்று. மனநலம், செவி, கைகால், உடல் வலிமை, கண். ஐந்திலும் ஒன்று என்று விழுந்தால் முழுத் தகுதி. அதிலே முதல் எழுத்து மனநலத்துக்கு! காலுக்கு முன்னே மனத்தைக் கேட்கிறார்கள். மறைக்கும் மனம் அந்த முதல் எழுத்திலேயே தோற்றுவிடவில்லையா?

"அப்படியானால் காயம் பட்டவன் கனவைக் கைவிட வேண்டியதுதானா?" என்பீர்கள். இல்லை! ஆயிரம் முறை இல்லை!

1971. வங்கதேசப் போர். சில்ஹெட் பகுதியிலே கண்ணிவெடியிலே கால் சிதைந்தது இயான் கார்டோசோ என்ற கூர்க்கா படை அதிகாரிக்கு. மருந்தில்லை, அறுவைக் கருவியில்லை. குக்ரிக் கத்தியாலே தன் காலைத் தானே அறுத்தெறிந்தார். பிறகு? மரக்காலை மறைத்தாரா? காட்டினார்! தேர்வு வையுங்கள் என்று கேட்டார். இரண்டு கால் உள்ள அதிகாரிகள் சிலரைப் பின்னே விட்டு ஓடிக் காட்டினார். போரிலே ஊனமுற்ற அதிகாரி காலாட்படைப் பட்டாளம் ஒன்றுக்குத் தலைமை தாங்கியது இந்தியப் படையிலே அதுவே முதன்முறை. பின்னாளிலே மேஜர் ஜெனரலாக உயர்ந்தார்.

மார்கோஸ் வீரர் பிரவீண் தேவ்தியா, 2008-இல் மும்பை தாஜ் ஓட்டலிலே குண்டு பாய்ந்து நுரையீரல் பழுதானவர். மேசை வேலைக்கு மாற்றப்பட்டார். மூச்சே முழுதாக வராத மனிதர், ஆண்டுக்கணக்காகப் பயின்று, 2017-இல் லடாக்கின் கார்துங் லா கணவாய் வழியாக 72 கிலோமீட்டர் ஓடி முடித்தார். மூச்சை மறைத்து அல்ல, மூச்சை வளர்த்து!

கதவு மூடியே போனாலும் வாழ்வு மூடுவதில்லை. கும்பகோணத்துப் பிள்ளை ஆனந்தன் குணசேகரன், மெட்ராஸ் சாப்பர்ஸ் வீரர். 2008-இல் காஷ்மீரத்துக் குப்வாராவிலே கண்ணிவெடிக்கு இடக்காலைப் பறிகொடுத்தார். 2019-இல் சீனத்து வூகானிலே, உலகப் படைவீரர் விளையாட்டிலே, செயற்கைக் காலோடு ஓடி மூன்று தங்கம் கொண்டுவந்தார். நாகாலாந்தின் ஹோகாடோ சேமாவோ, நம் கேளம்பாக்கத்துத் தம்பியைப் போலவே சிறப்புப் படையைக் கனவு கண்டவர். 2002-இல் கண்ணிவெடி காலையும் கனவையும் சேர்த்தே பறித்தது. 2024-இல், நாற்பதாவது வயதிலே, பாரிசு மாற்றுத்திறனாளர் ஒலிம்பிக்கிலே 14.65 மீட்டர் குண்டெறிந்து வெண்கலம் வென்றார்.

இவர்களுக்கெல்லாம் பொதுவானது எது? அவசரமா? அல்ல. பொறுமை.

எலும்புக்கு என்று ஒரு நாட்காட்டி உண்டு. கீறிய கீழ்க்கால் எலும்பு சாதாரணமாக ஆறு முதல் எட்டு வாரத்திலே கூடும். முழுதாகப் பிளந்தால் மாதக்கணக்கிலே ஆகும். கூடியது என்பது வேறு. சுமை தாங்கும் வலிமை பெற்றது என்பது வேறு. முதலிலே வலியின்றி நடை, பிறகு நடையோடு கலந்த மெல்லோட்டம், பிறகு ஓட்டம், கடைசியிலேதான் பையும் பூட்சும். வாரத்துக்குப் பத்திலே ஒரு பங்குக்கு மேல் கூட்டாதே என்பது ஓட்டப் பயிற்சியாளர் வழக்கம். எலும்பிலே ஒரு புள்ளியை அழுத்தினால் வலிக்கிறதா? நில்! அது எலும்பு எழுதும் கடிதம், படிக்காமல் கிழிக்காதே.

எலும்புக்கு மட்டுமா? முழங்கால் மூட்டின் இணைப்பு நார் அறுந்து அறுவை செய்துகொண்டவர்களை நார்வேயின் ஓஸ்லோவிலும் அமெரிக்காவின் டெலவேரிலும் ஆராய்ந்து, 2016-இல் வெளியிட்டார்கள். ஒன்பது மாதம் வரையிலே, ஆடுகளத்துக்குத் திரும்புவதை ஒரு மாதம் தள்ளிப்போட்டால்கூட மறுபடி காயம்படுவது ஏறத்தாழப் பாதி குறைந்தது என்றது அந்த ஆய்வு. பிள்ளை பிறக்கப் பத்து மாதம் என்றால் பொறுக்கிறோம். மூட்டு மறுபிறவி எடுக்க ஒன்பது மாதம் என்றால் பொறுக்க மாட்டோமா?

இளைஞனுக்கு மட்டும் அறிவுரை கூறி முடித்துக்கொண்டால் அது நீதியாகாது. மறைப்பவனைக் கேட்டோம், மறைக்க வைப்பது எது என்றும் கேட்க வேண்டும். ஆள்சேர்ப்புத் தேர்விலே 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடினால் 60 மதிப்பெண். பத்து முறை கம்பியிலே தூக்கினால் 40. அதற்காகத் தெருவெல்லாம் பயிற்சி. ஆனால் பயிலும் இடத்திலே மருத்துவர் உண்டா? உடற்பயிற்சிச் சிகிச்சை தருபவர் உண்டா? வலிக்கிறது என்றால் "கோழையா நீ?" என்ற கேள்விதான் பல இடங்களிலே கிடைக்கும் மருந்து.

2022-இல் வந்த அக்னிபாத் திட்டத்தைப் பாருங்கள். நான்கே ஆண்டுப் பணி. முடிவிலே நிலைத்திருப்போர் நூற்றுக்கு 25 வரை என்று அறிவித்தார்கள். பணியிலே ஊனமுற்றால் அளவுக்கேற்ப 44, 25, 15 இலட்சம் உதவித்தொகை என்றும் அறிவித்தார்கள். நல்லது, வரவேற்கிறோம். ஆனால் ஊனமாகாமல் ஆறிவிடும் காயத்துக்கு வேண்டியது பணமல்ல, காலம்! நான்கு ஆண்டிலே ஆறு மாதம் கட்டிலிலே போனால் எட்டிலே ஒரு பங்கு போயிற்று. நால்வரிலே ஒருவனாக வர வேண்டியவன் வலியைச் சொல்வானா, விழுங்குவானா? காயத்தாலே கழிந்த மாதங்கள் அவன் கணக்கிலே குறையாக விழாது என்று விதி எழுதுங்கள்; வலியை அவன் தானே வந்து சொல்வான். மாவட்ட விளையாட்டரங்குதோறும் வாரம் ஒருநாள் எலும்பு மருத்துவரை அமர்த்துங்கள். மாத்திரை சொல்லித்தரும் நண்பனுக்கு வேலை இராது.

இவ்வளவும் பேசிக்கொண்டே நடந்தோம். உப்பளத்திலே வரப்போரம் நின்றிருந்தார் அவனுடைய தந்தை. கையிலே உப்பு வாரும் பலகை. மகன் ஓடுவது அவருக்குத் தெரியும், வலிப்பது தெரியாது. சொன்னான் அவன், நம் முன்னிலையிலே. கேட்டார். கோபிக்கவில்லை. பாத்தியைக் காட்டினார்.

"பாருங்க தம்பி," என்றார் நம்மிடம், "நேத்து மேலே பூத்திருச்சு. வெள்ளையாத்தான் தெரியுது. இப்பவே வாரினா உப்பு வராது, சேறுதான் வரும். இன்னும் நாலு வெயில் குடிக்கணும். இவனுக்கு அது தெரியாதா? இந்தப் பாத்தியிலதானே வளர்ந்தான்!"

பிறகு மகனைப் பார்த்துச் சொன்னார்: "பையைக் கழட்டுடா."

பத்து நாள் கழித்து மீண்டும் அவ்வழி போனோம். விடியல். அவன் வந்தான். முதுகிலே பை இல்லை. காலிலே பூட்சு இல்லை. ஓடவில்லை, நடந்தான். மருத்துவரைப் பார்த்துவிட்டானாம். உள்ளதைச் சொன்னானாம். குழுவிலே இன்னும் மூன்று மாதம் தள்ளிப்போடுவார்கள் போலிருக்கிறதாம். விண்ணப்பம் பெட்டியிலே பத்திரமாக இருக்கிறதாம்.

"வருத்தமா தம்பி?" என்றோம்.

"இருக்குண்ணே," என்றான். "ஆனா கால் ஏமாத்தலை."

ஆம். பத்தடி எண்ணிப் பார்த்தோம். இருபதடி எண்ணினோம். தரையைத் தயங்காமல் தொட்டது அந்த இடக்கால்.