விலைக்கு விடத் தகாதது

விளையாட்டைத் தொழிலாகக் கொண்டோர் ஊதியம் பெறுவது குற்றமன்று. உழைப்பின் கூலியை இஸ்லாம் மதிக்கிறது. ஆனால் பணம் ஒன்றே குறியானால், ஆட்டத்தையே விற்கவும் மனம் துணிந்துவிடும். ஆகவே, பணத்தினும் விளையாட்டின் மீதுள்ள பற்றே மேலானது.

அதனினும் மேலான ஒன்று உண்டு. குத்துச்சண்டை வீரர் முஹம்மது அலீயை எண்ணிப் பாருங்கள். 1967-இல், தம் 25-ஆம் வயதில், வியட்நாம் போர் நடந்த வேளையில் அமெரிக்கப் படையில் சேர மறுத்தார். தம் மார்க்கம் அதற்கு இடந்தரவில்லை என்றார். உலக ஹெவிவெயிட் பட்டம் பறிக்கப்பட்டது. மூன்றரை ஆண்டுகள் குத்துச்சண்டையில் வருவாயுமில்லை, மேடையுமில்லை. இளமையின் அவ்வாண்டுகள் மீளவேயில்லை. 1971-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் அவர்மீதான தீர்ப்பை நீக்கிற்று.

பொருளீட்டுங்கள், விளையாட்டை நேசியுங்கள். ஈமானை மட்டும் எவ்விலைக்கும் விடலாகாதென உங்கள் மக்களுக்கு உணர்த்துங்கள்.